டயறி எழுதுவதா, ஜேர்னல் எழுதுவதா?

என்னிடம் உயர்தரத்தில் கணக்கீடு படித்த ஒருத்தியின் மகள் போன கிழமை இப்படிக் கேட்டிருந்தா: "ரீச்சர், சோதினை முடிஞ்சுது. கெம்பஸ் கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஏதாவது எழுதுவம் எண்டு ஒரு நல்ல கொப்பி வாங்கி வைச்சிருக்கிறன். டயறி எழுதுறதா, ஜேர்னல் எழுதுறதா? தேடிப் பாத்தா, டயறியில நடந்ததை எழுதுறது, ஜேர்னலில மனசில இருக்கிறதை எழுதுறது எண்டு போட்டிருக்கு. அவ்வளவுதானா வித்தியாசம்? ரெண்டு கிழமையாக் கொப்பி வெறுமையாத்தான் கிடக்குது."

ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் நான் 33 வருஷம் கணக்கீடு படிப்பித்தவள். இரண்டையும் நாற்பது வருஷமாக எழுதி வருகிறேன். அப்பா விட்டுப்போன டயறிகளையும் வரிவரியாக வாசித்திருக்கிறேன். அந்தப் பதிலில் பாதி பிழை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பிள்ளை. ஆறுதலாக வாசியுங்கள்.

நடந்தது டயறி, நினைத்தது ஜேர்னல் என்ற பிரிப்பு எங்கே உடைகிறது என்று முதலில் பாருங்கள். சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை லண்டனில் எழுதியதை உலகம் முழுக்க டயறி என்றுதான் சொல்கிறது. 1666இல் லண்டன் எரிந்தது அதில் இருக்கிறது. அதே பக்கங்களில் அவருடைய பொறாமை, பயம், மனைவியோடு பட்ட சண்டை, தன்னை நினைத்துப் பட்ட வெட்கம் எல்லாம் இருக்கின்றன. மறுபக்கம் சார்ள்ஸ் டார்வின். பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை சுற்றி வந்து, 1839இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே ஜேர்னல் என்ற சொல் இருக்கிறது. அதில் நிறைந்திருப்பவை பாறையும் பூச்சியும் பறவையும் தீவும். ஆகவே உணர்ச்சி இருந்தால் ஜேர்னல், இல்லாவிட்டால் டயறி என்ற அளவுகோல் இந்த இரண்டு பேரிடமே தோற்றுப்போகிறது.

சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இரண்டு சொல்லும் லத்தீனில் 'நாள்' என்பதற்குரிய சொல்லிலிருந்து வந்தவைதான். பிரெஞ்சுக்காரரிடம் இரண்டுக்கும் ஒரே சொல். காலையில் வாங்கும் பத்திரிகைக்கும் அதே சொல். நாங்களும் நாட்குறிப்பு, தினக்குறிப்பு என்று நாளை வைத்தே பெயர் சொல்லிவிட்டோம்; மற்றதற்கு ஒரு பெயர் நிலைக்கவில்லை. அதனால் இந்தப் பதிலில் டயறி, ஜேர்னல் என்றே எழுதுகிறேன்.

எனக்கு வித்தியாசத்தைத் தெளிவாக்கியது நான் படிப்பித்த பாடம்தான். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், 'பொது நாளேடு' என்றால் இப்போதும் ஞாபகம் இருக்கும். அந்த ஏட்டுக்கு ஆங்கிலத்தில் ஜேர்னல் என்றுதான் பெயர். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சியோலியின் கணித நூல், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்கில் பதியும் இரட்டைப் பதிவு முறையை விளக்கும் இடத்தில், வியாபாரிக்கு மூன்று ஏடு வேண்டும் என்கிறது. முதலாவது நினைவேடு. கடையில் என்ன நடந்தாலும் நடந்த கையோடு அதில் எழுத வேண்டும். முதலாளி இல்லாவிட்டால் வேலையாள் எழுதலாம். எழுதத் தெரிந்தால் வீட்டுப் பெண்களும் எழுதலாம். எந்த நாட்டுக் காசில் வாங்கினாலும் அப்படியே போட்டுவிடலாம். இரண்டாவதுதான் ஜேர்னல். நினைவேட்டை முன்னால் விரித்துவைத்து, ஆறுதலாக இருந்து, இது எந்தக் கணக்குக்கு வரவு, எந்தக் கணக்குக்குச் செலவு என்று முடிவுசெய்து எழுதுவது. மூன்றாவது பேரேடு. நாள் வரிசையில் கிடப்பவற்றைப் பிரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் உரிய பக்கத்தில் சேர்ப்பது.

வகுப்பில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்கும்: "ஒரே விசயத்தை ஏன் ரீச்சர் ரெண்டு தரம் எழுத வேணும்?" இரண்டு தரம் எழுதவில்லை என்பதுதான் விடை. முதல் தரம் மறக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறோம். இரண்டாம் தரம் அது என்ன என்று தீர்மானித்து எழுதுகிறோம். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் விஞ்ஞானி லிஷ்டன்பேர்க் தன் குறிப்புக் கொப்பிகளுக்கு வியாபாரிகளின் அந்த முதல் ஏட்டின் பெயரையே வைத்தார். இந்த ஒப்புமை எனக்கு மட்டும் தோன்றியது இல்லை என்று அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது உங்கள் கொப்பிக்கு வருவோம். டயறி அந்த நினைவேடு மாதிரி. அதற்கு எசமான் நாள். திங்கட்கிழமை என்று ஒரு பக்கம் இருந்தால் அந்தத் திங்களுக்கு நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அன்றிரவு உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே எழுதுகிறீர்கள். அதுதான் அதன் பலம். ஜேர்னலுக்கு எசமான் நாள் இல்லை, ஒரு விஷயம். ஒரு கேள்வி, ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு கவலை. அது வரச் சொல்லும்போது வருவீர்கள். பத்து நாள் எழுதாவிட்டாலும் ஜேர்னல் குறைப்படாது. டயறியில் பத்து வெற்றுப் பக்கம் கிடந்தால் அதுவும் ஒரு செய்தி.

இன்னுமொன்று. டயறியை எழுதிவிட்டு மூடிவிடலாம், வருஷக்கணக்காகத் திறக்காமலே விடலாம். ஜேர்னலைத் திரும்பத் திறக்காவிட்டால் அது ஜேர்னலே இல்லை. போன மாதம் எழுதியதை வாசித்து, அதன் மேல் இன்று எழுதுவதுதான் அதன் வேலை.

ஒரே நாளை இரண்டிலும் எழுதிக் காட்டுகிறேன். டயறியில் இப்படி இருக்கும்:

"வியாழன். விடிய மழை. பஸ் பிந்தி வந்தது. பின்னேரம் மாமி வந்தா, முருங்கைக்காய் 5 கொண்டுவந்தா. இரவு கரண்ட் இல்லை. 10 மணிக்குப் படுக்கை."

ஜேர்னலில் அதே நாள் இப்படி வரலாம்:

"மாமி முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டு இருபது நிமிஷம் பேசாமல் இருந்தா. மகன் வெளிநாடு போன பிறகு இப்படி இருப்பது மூன்றாம் முறை. போன இரண்டு முறையும் நான் கதை கொடுத்துப் பார்த்தேன், உடனே எழும்பிப் போய்விட்டா. இன்று நானும் பேசாமல் முருங்கைக்காயை வெட்டினேன். போகும்போது, 'நாளைக்கும் வாறன் பிள்ளை' என்றா. அவவுக்குப் பேச ஆள் தேவையில்லையோ? பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதுமோ?"

மூன்றாம் முறை என்று எழுதியதைக் கவனியுங்கள். முதல் இரண்டு முறை எப்போது என்று எழுதியவளுக்கு எப்படித் தெரிந்தது? டயறியைப் புரட்டிப் பார்த்ததால் தெரிந்தது. மழையும் பஸ்ஸும் ஜேர்னலில் இல்லை, ஏனென்றால் மாமியின் விஷயத்துக்கு அவை வேண்டாம். ஆனால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த மழை வேறொன்றுக்கு வேண்டி வரலாம். அது எதற்கு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

தமிழில் இதற்குப் பெரிய சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபார இடையாளரும். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை, 25 வருஷம், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி, எல்லாம் கலந்து கிடக்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த காலம் அதற்குள் இருக்கிறது. தான் எழுதுவது ஒரு காலத்தின் வரலாறாகும் என்று தெரிந்து அடுக்கி எழுதியிருந்தால், துறைமுக வதந்திகளையும் சில்லறைச் சச்சரவுகளையும் வெட்டி எறிந்திருப்பார். அவர் வெட்டாததால்தான் 18ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று இன்றைக்கு நாங்கள் அறிகிறோம்.

எங்கள் வீட்டுச் சாட்சி அப்பா. யாழ்ப்பாணத்து இணுவிலில் பள்ளிக்கூட வாத்தியார், அதோடு எட்டுப் பரப்புத் தோட்டம். 1961இலிருந்து எழுதியிருக்கிறார். ஒரு நாளுக்கு மூன்று வரி, கூடினால் நான்கு. "காலை இறைப்பு. பாடசாலை. பின்னேரம் புகையிலைக்குக் கெட்டு முறித்தது. அரிசி 5 கொத்து." வருஷக்கணக்காக இதேதான். எனக்குப் பதினெட்டு வயதில் களவாக ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு, இந்த மனுஷனுக்கு மனசே இல்லையோ என்று நினைத்தேன்.

அந்த மூன்று வரிகள் பிறகு செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. கிழக்கு வேலி யாருடையது என்று பக்கத்து வளவோடு சண்டை வந்தபோது, "கிழக்கு வேலி அடைத்தோம். கிடுகு 150, கூலி ஆள் 2" என்று ஆறு வருஷத்துப் பதிவுகளை அப்பா அடுக்கிக் காட்டினார். எங்கள் ஊரில் வேலிச் சண்டை எத்தனை தலைமுறைக்கு இழுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது ஒரு பின்னேரத்தில் முடிந்தது. தங்கச்சியின் சாதகம் தொலைந்தபோது, அவள் பிறந்த நேரம் நிமிஷத்தோடு டயறியில் இருந்தது. அப்பாவின் ஓய்வூதியத்துக்கு முதல் நியமனத் திகதி தேவைப்பட்டபோதும் அங்கேதான் எடுத்தோம்.

அப்பா 2002இல் இறந்தார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிக்க வேண்டும். (வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: கல்வெட்டு என்பது எங்களிடம் 31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகம், இறந்தவரின் வரலாறும் வம்சமும் அதில் இருக்கும்.) அதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போதுதான் எல்லா டயறியையும் முதல் தரம் ஒழுங்காக வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அப்பா எழுதாமல் விட்ட இடங்கள் தெரியத் தொடங்கின. தோட்டத்துக்குப் போகாத நாள் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. காய்ச்சலோடும் போயிருக்கிறார். ஆனால் 1980களில் ஒரு நாள், "இன்று தோட்டத்துக்குப் போகவில்லை" என்ற ஒரு வரி மட்டும். அடுத்த நாளும் அதே வரி. மூன்றாம் நாளும். அவரிடம் படித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த அயல்வீட்டுப் பெடியன் இல்லாமல் போன கிழமை அது. பெயர் எழுதவில்லை, காரணம் எழுதவில்லை. மனசே இல்லையோ என்று நினைத்தவள் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிய கிழமை, அம்மா என் ஜேர்னல் கொப்பிகள் மூன்றையும் அடுப்பில் போட்டா. எனக்கு அப்போது 26 வயது. அந்தக் கொப்பிகளில் சிநேகிதிகளின் பெயர் இருந்தது, யார் எதைச் சொன்னார்கள் என்று இருந்தது, நான் எதை நம்பினேன், எதை நம்பவில்லை என்று இருந்தது. சுற்றிவளைப்பில் யாராவது எடுத்து வாசித்தால் எத்தனை வீட்டுக்குக் கேடு வரும் என்று அம்மா கணக்குப் பார்த்தா. அவவில் பிழை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அப்பாவின் டயறிகளை அவ தொடவில்லை. வெங்காய விலையையும் மழையையும் வைத்து யாரை என்ன செய்ய முடியும்?

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் டயறி இருந்தது, ஜேர்னல் இருக்கவில்லை. எழுதத் தெரியாததால் அல்ல. எழுதினால் ஒளிக்க வேண்டும், ஒளிக்க முடியாவிட்டால் எரிக்க வேண்டும். ஆகவே எங்கள் ஆட்கள் நாளை மட்டும் எழுதினார்கள், அந்த நாளின் அர்த்தத்தைத் தங்களுக்குள்ளே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கொப்பிகளை வாசிப்பவர்கள் வெற்றிடங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். வங்கி டயறிக்கு எங்கே போவது? அப்பா பள்ளிக்கூடக் கொப்பியில் அடிமட்டம் வைத்துத் தானே நாட்களுக்குக் கோடு போட்டார். ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய பக்கங்களில் கரிப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த வருஷத்துக் கொப்பியை மட்டும் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். "இரவு முழுக்க நடை. மழை. நாவற்குழியில் நெரிசல். அம்மா களைத்துவிட்டா. விடிய சாவகச்சேரி." பாட்டியைத்தான் அம்மா என்கிறார். அந்த இரவைப் பற்றி நான் பிறகு என் ஜேர்னலில் ஏழெட்டுத் தரம் எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி. நடுவில் மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே நின்றோம் என்பதெல்லாம் என் ஞாபகத்தில் குழம்பிவிட்டது. அப்பாவின் ஐந்து துண்டு வாக்கியத்தை வைத்துத்தான் நான் என்னைத் திருத்திக்கொள்கிறேன்.

ஜேர்னலுக்குப் பெரும்பாலும் ஒரு வாசகர் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 1816இல் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஜேர்னல் எழுதி பொஸ்ரனில் இருந்த தங்கள் சபைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து பகுதிகளை எடுத்து அங்கே சஞ்சிகையில் போட்டார்கள். அக்காலத்து யாழ்ப்பாணத்தின் பள்ளிக்கூடம், கோயில், கொள்ளைநோய் பற்றிய பல விவரங்கள் இப்படித்தான் எழுத்தில் நின்றன. ஆனால் அவர்கள் பணம் அனுப்பும் சபைக்கு எழுதினார்கள், தங்கள் வேலைக்குப் பலன் இருக்கிறது என்று காட்ட எழுதினார்கள். வாசிக்கும்போது அதை மறக்கக்கூடாது. நீங்கள் உங்களுக்கே எழுதினாலும், ஆறு மாதம் கழித்து வாசிக்கப்போகும் உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கி எழுதுவீர்கள். அப்பாவின் டயறியில் அந்த விளக்கமே கிடையாது, "அவர் வந்தார்" என்று இருக்கும். எவர் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒன்று மற்றதாக மாறுவதும் உண்டு. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூனில் 13 வயதுப் பிறந்தநாளுக்குக் கிடைத்த கொப்பியில் டயறி தொடங்கினாள். 1944 மார்ச் 28இல், நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் போர்க்காலத்து டயறிகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று லண்டனிலிருந்து வானொலியில் சொன்னதைக் கேட்டாள். அந்த மே மாதம் பழைய பக்கங்களை முன்னால் வைத்துத் தனித் தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். சிலதை விட்டாள், சிலதைச் சேர்த்தாள், ஆட்களுக்கு வேறு பெயர் வைத்தாள். பச்சியோலி சொன்ன முதலாம் ஏட்டிலிருந்து இரண்டாம் ஏட்டுக்குப் போனது போலத்தான் எனக்குப் படுகிறது. இரண்டு வடிவமும் இன்று நூலாகக் கிடைக்கின்றன. முடிந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

"மனசுக்கு நல்லது" என்று நீங்கள் தேடிய இடத்தில் கட்டாயம் போட்டிருப்பார்கள். அது வெறும் பேச்சில்லை, அடிப்படை இருக்கிறது. 1986இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில் 46 மாணவர்கள், நான்கு நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுதினார்கள். ஒரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. மற்றவர்கள் வாழ்க்கையில் பட்ட பெரிய அடியை எழுதினார்கள். அதிலும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனவர்கள், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள். எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. பிறகு வந்த பல ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிந்தது. ஆகவே மருந்து என்று நினைத்து எழுதாதீர்கள். எழுத எழுத நெஞ்சு அடைக்கிறது, நித்திரை போகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு ஒரு ஆளோடு கதையுங்கள். நான் 1996இல் ஒரு மாதம் அப்படி மூடியிருக்கிறேன்.

நான் கண்டதில் அதிகம் பலன் தந்த ஜேர்னல் மனசைப் பற்றியதே இல்லை. என் மைத்துனர் வெங்காயம் செய்கிறவர். "ஒவ்வொரு முறையும் இலை நுனி கருகுது, ஏனெண்டு விளங்கேல்லை" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்து, வெங்காயத்தைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னேன். நட்ட நாள், விதை எங்கே வாங்கியது, பசளை எப்போது, மருந்து எப்போது, முதல் கருகல் கண்ட நாள், அதற்கு முந்திய கிழமை மழையா பனியா, கடைசியாக அவருடைய சந்தேகம். மூன்று போகம் எழுதினார். பிறகு ஒரு நாள் கொப்பியோடு வந்து, கருகல் தொடங்கிய மூன்று தரமும் அதற்கு முன் நாலைந்து நாள் விடாத மழைத் தூறல் என்று விரலை வைத்துக் காட்டினார். அதைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரோடு கதைக்க அவருக்கு இப்போது கையில் ஆதாரம் இருந்தது. டயறியிலும் இதெல்லாம் எழுதியிருக்கலாம், ஆனால் கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் நடுவில் சிதறிக் கிடந்திருக்கும். மூன்று போகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2023 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஜேர்னல் என்ற பெயரிலேயே ஒரு செயலியைக் கொண்டுவந்தது. போன இடத்தையும் எடுத்த படத்தையும் காட்டி, இதைப் பற்றி எழுது என்று தூண்டும். நான் சொல்லும் கணக்கில் அது பாதிக்கு மேல் டயறி. 2013இல் ரைடர் கரோல் பரப்பிய புல்லட் ஜேர்னலும் அப்படித்தான், நாளையும் செய்ய வேண்டிய வேலையையும் சுற்றியே பெரும்பாலும் நிற்கும். நல்லவைதான், பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

சரி, உங்கள் வெறுங்கொப்பிக்கு என் யோசனை. ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டாம். முன்பக்கத்திலிருந்து டயறி எழுதுங்கள், கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஜேர்னல் எழுதுங்கள். டயறிக்கு நாளுக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ஐந்து வரிக்குப் பஞ்சியில்லாமல் எந்த இரவும் இருந்து எழுதலாம். அதில் மூன்று விஷயம் கட்டாயம்: இடம், வந்த ஆட்களின் பெயர், ஏதாவது ஒரு விலை அல்லது அளவு. இன்றைய பஸ் காசு உங்கள் பேரப்பிள்ளைக்குப் பெரிய புதினமாக இருக்கும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள், வெறுமையாகவே விடுங்கள். அல்லது "எழுதவில்லை" என்று போட்டு எழுதிய திகதியைப் போடுங்கள்.

பின்பக்கத்துக்கு ஒரேயொரு கேள்வியோடு தொடங்குங்கள். "எனக்கு என்ன படிக்க விருப்பம்" என்பது இப்போது உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அதையே வையுங்கள். தோன்றும்போது எழுதுங்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் புதிதாக ஒன்றும் எழுதாமல், பழையதை வாசித்து ஓரத்தில் குறிப்புப் போடுங்கள். இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இப்போதே கோடு போட்டு வையுங்கள்.

கணக்கீட்டு ரீச்சர் என்ற முறையில் ஒரு கட்டளையும் உண்டு: எழுதியதைச் சுரண்டக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. பிழை கண்டால் பிழையான பதிவை வாசிக்கக்கூடியதாக விட்டுவிட்டு, இன்றைய திகதியில் திருத்தப் பதிவு போடுவதுதான் எங்கள் முறை. "மாமியைப் பற்றி மார்ச்சில் நான் எழுதியது பிழை" என்று ஜூலையில் எழுதுங்கள். மார்ச்சில் நீங்கள் எப்படி நினைத்தீர்கள் என்பதும் உங்களுக்கு வேண்டும்.

வீட்டில் யாராவது வாசிப்பார்கள் என்ற பயம் இருந்தால் அது நியாயமான பயம். அம்மாவிடம் நேரே சொல்லுங்கள், "இது என்ரை கொப்பி, கேக்காமல் எடுக்கக்கூடாது" என்று. உங்கள் அம்மாவை எனக்குத் தெரியும், எடுக்கமாட்டா. மற்றவர்களின் இரகசியத்தை மட்டும் பெயரோடு எழுதாதீர்கள். அது உங்களுடையது இல்லை.

ஜெல் பேனை வேண்டாம், ஈரம் பட்டால் ஊறிப் பரவக்கூடும். போல்பொயின்ற் போதும். நிலத்தில் அல்லது சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் ஒரு மாரியிலேயே முடித்துவிடும். அப்பாவின் கொப்பிகள் எல்லாம் இரண்டு பெரிய பிஸ்கற் ரின்னுக்குள், காய்ந்த வேப்பிலை போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் இருந்தன. 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது ஓடு உடைந்து அலுமாரியும் விழுந்து கிடந்தது. ஒரு ரின்னின் மூடி திறந்து அடி முழுக்க மழைத்தண்ணி, அதில் நான்கு டயறி போய்விட்டது. மற்ற ரின் இறுக்கி மூடியபடியே இருந்தது. அப்பா அதை முற்றத்தில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றாகத் தூசி தட்டி அடுக்கிவிட்டு, சேட்டுக்குள்ளிருந்த கொப்பியை எடுத்து அன்றைய வரியை எழுதினார்: "வீடு வந்தோம். கிணறு இறைக்க வேண்டும். டயறி 4 பழுது."